24 பிட் கேட்டார்கள், 16 பிட்டே போய்க்கொண்டிருந்தது: கணினியில் பிட் டெப்த் சரிபார்த்து மாற்றும் வழி

குரல் பதிவு செய்து நான் அனுப்பிய ஃபைல் மூன்று முறை திரும்பி வந்தது. பதிவைக் கேட்டிருந்தவர்கள் சொன்னது 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், மோனோ, வேவ் (சுருக்காத ஒலி) ஃபைல். விண்டோஸில் 24 பிட் என்று மாற்றினேன், மறுபடி பேசிப் பதிவு செய்தேன், அனுப்பினேன். "16 பிட்டாக இருக்கிறது" என்று ஒற்றை வரிப் பதில். திரும்பவும் செய்தேன், திரும்பவும் அதே வரி. மூன்றாம் முறை எனக்குக் கோபமே வந்துவிட்டது. செட்டிங்ஸில் 24 என்று கண்ணெதிரே தெரிகிறதே!

தவறு என் பக்கம்தான். பிட் டெப்த், அதாவது ஒலியை எவ்வளவு நுணுக்கமாக அளக்கிறோம் என்பது, ஒரே ஒரு ஸ்விட்ச் என்று நினைத்திருந்தேன். மைக், டிரைவர் (மைக்கைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள்), இயங்குதளம், பதிவு செய்யும் மென்பொருள், கடைசியில் எக்ஸ்போர்ட் பெட்டி என்று ஐந்து இடங்களில் அது தனித்தனியாக இருக்கிறது. ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறாது. ஐந்தில் எது குறைவோ அந்தத் தரம்தான் கைக்கு வரும்.

தெரிந்து செய்தால் முழு வேலையும் 15 நிமிடம். எனக்கு இரண்டு வாரம் ஆனது. பணச் செலவு கிடையாது. கீழே சொல்லும் விஎல்சி (பாட்டு, வீடியோ ஓட்டுவது), மீடியாஇன்ஃபோ (ஃபைலின் விவரம் காட்டுவது), ஆடாசிட்டி (ஒலிப் பதிவு செய்வது) மூன்றும் இலவசம்.

1. என்ன கேட்கிறார்கள் என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு தாளில் நான்கு வரி போதும்: பிட் டெப்த், சாம்பிள் ரேட் (ஒலியை ஒரு நொடிக்கு எத்தனை முறை அளக்கிறோம் என்பது), சேனல் (மோனோவா ஸ்டீரியோவா), ஃபைல் வகை. கேட்டவர் அனுப்பிய விவரக்குறிப்பு கையில் இருந்தால் அதிலிருந்து அப்படியே எடுத்து எழுதுங்கள். ஞாபகத்திலிருந்து எழுத வேண்டாம்.

பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பிட் டெப்த் வேறு, பிட் ரேட் வேறு. "320 கேபிபிஎஸ்" என்பது பிட் ரேட். ஒரு நொடிக்கு எவ்வளவு தரவு போகிறது என்ற கணக்கு. பிட் டெப்த் என்பது ஒலியை அளக்கும் ஒவ்வொரு முறையும் எவ்வளவு நுணுக்கமான அளவுகோலைப் பயன்படுத்துகிறோம் என்பது. 16 பிட் என்றால் அந்த அளவுகோலில் 65,536 கோடுகள். 24 பிட் என்றால் 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேல். ஒரு பிட்டுக்குச் சுமார் 6 டெசிபெல் என்று வைத்துக்கொண்டால், மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே 16 பிட்டில் சுமார் 96 டெசிபெல் கிடைக்கிறது, 24 பிட்டில் சுமார் 144.

பாட்டு கேட்பதற்காக மட்டும் நீங்கள் இதைத் தேடி வந்திருந்தால் ஒன்று சொல்லிவிடுகிறேன். சிடி என்பதே 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ்தான். கேட்பதற்கு அது தாராளம். 24 பிட் உண்மையில் கைகொடுப்பது பதிவு செய்யும்போதும், பதிவை வெட்டி ஒட்டி ஒலி கூட்டிக் குறைக்கும்போதும்தான். சும்மா கேட்பதற்கு 24 ஆக்கிவிட்டு "ஆஹா, தெளிவாகிவிட்டது" என்று சொல்பவர்களிடம் நான் இப்போதெல்லாம் வாதாடுவதில்லை.

2. கையில் இருக்கும் ஃபைல் உண்மையில் என்ன என்று பாருங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன், ஏற்கெனவே பதிவு செய்த ஒரு ஃபைலைச் சோதியுங்கள். மூன்று வழிகள் இருக்கின்றன.

விஎல்சியில் ஃபைலை ஓடவிட்டு, டூல்ஸ் மெனுவில் "கோடெக் இன்ஃபர்மேஷன்" திறந்தால் "பிட்ஸ் பர் சாம்பிள்" என்ற வரியில் 16 அல்லது 24 என்று இருக்கும். மீடியாஇன்ஃபோவில் ஃபைலை இழுத்துப் போட்டால் "பிட் டெப்த்" என்றே நேராகச் சொல்லும். நான் பயன்படுத்துவது இரண்டாவதைத்தான்.

மூன்றாவது வழிக்கு மென்பொருளே வேண்டாம், கணக்கு போதும். 48 கிலோஹெர்ட்ஸ், மோனோ, 24 பிட் வேவ் ஃபைல் ஒரு நிமிடத்துக்கு 86 லட்சத்து 40 ஆயிரம் பைட் இருக்கும் (48,000 பெருக்கல் 3 பைட் பெருக்கல் 60 நொடி). அதுவே 16 பிட்டாக இருந்தால் 57 லட்சத்து 60 ஆயிரம். ஃபைலின் பிராப்பர்டீஸைத் திறந்து பைட் எண்ணைப் பாருங்கள். எது என்று உடனே தெரிந்துவிடும். இந்தக் கணக்கை முதல் நாளே போட்டிருந்தால் மூன்று முறை அவமானப்பட்டிருக்க மாட்டேன்.

எம்பி3 ஃபைலில் பிட் டெப்த் என்ற வரியே இருக்காது. தேடித் தேடிக் குழம்ப வேண்டாம். அந்த வகைச் சுருக்கத்தில் அப்படி ஒரு நிலையான எண் கிடையாது. எம்பி3யை 24 பிட் வேவாக மாற்றி அனுப்பும் யோசனை வந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். ஃபைல் பெருக்கும், போன நுணுக்கம் திரும்பி வராது. 16 பிட்டை 24 ஆக்குவதும் அப்படித்தான்: கூடுதலாக வரும் 8 பிட்டில் புதிதாக எதுவும் இருக்காது, வெறும் பூஜ்யங்கள்தான். மீடியாஇன்ஃபோ 24 என்றே காட்டும். லிட்டர் பாத்திரத்தில் அரை லிட்டர் ஊற்றி வைத்தாலும் அது லிட்டர் பாத்திரம்தானே.

3. விண்டோஸில் மாற்றுவது

முதலில் பிரவுசர், வீடியோ அழைப்பு, பாட்டு ஓடும் மென்பொருள் எல்லாவற்றையும் மூடுங்கள். ஏதாவது ஒன்று ஒலிச் சாதனத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால், சாதனம் வேறொரு மென்பொருளின் பயன்பாட்டில் இருக்கிறது என்ற எச்சரிக்கை வரும்.

விண்டோஸ் 11 என்றால்: செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட். அங்கே "இன்புட்" பகுதியில் உங்கள் மைக்கின் பெயரைச் சொடுக்குங்கள். உள்ளே "ஃபார்மட்" என்ற கீழிறங்கு பட்டியல் இருக்கும். அதுதான் நாம் தேடி வந்தது.

விண்டோஸ் 10 என்றால்: அதே சவுண்ட் பக்கத்தில் "சவுண்ட் கன்ட்ரோல் பேனல்" என்ற இணைப்பு இருக்கும். விண்டோஸ் 11லும் சவுண்ட் பக்கத்தின் அடியில் "மோர் சவுண்ட் செட்டிங்ஸ்" வழியாக இதே பழைய பெட்டிக்கு வரலாம். நான் இந்தப் பழைய பெட்டியையே விரும்புகிறேன், எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறது. "ரெக்கார்டிங்" தாவலில் மைக்கை இருமுறை சொடுக்கி, "அட்வான்ஸ்டு" தாவலுக்குப் போனால் "டீஃபால்ட் ஃபார்மட்" தெரியும்.

எதையும் தொடும் முன் அந்தத் திரையை ஒரு படம் பிடித்து வையுங்கள். ஏதாவது கெட்டுப்போனால் திரும்பி வர அதுதான் வழி.

இனி, நான் விழுந்த குழிகள்.

முதல் குழி: "பிளேபேக்" வேறு, "ரெக்கார்டிங்" வேறு. பெட்டியைத் திறந்ததும் முதலில் நிற்பது பிளேபேக் தாவல். முதல் முறை நான் மாற்றியது ஸ்பீக்கரின் பிட் டெப்த்தை! மைக் அதுபாட்டுக்குப் பழையபடி 16லேயே இருந்தது. இரண்டும் ஒரே மாதிரிப் பட்டியல், ஒரே மாதிரி வார்த்தைகள். மேலே எந்தச் சாதனத்தின் பெயர் இருக்கிறது என்று படித்துவிட்டுக் கை வையுங்கள்.

இரண்டாவது: பிட் டெப்த்தும் சாம்பிள் ரேட்டும் ஒரே வரியில் ஒட்டிக்கொண்டு வரும். "2 சேனல், 24 பிட், 48000 ஹெர்ட்ஸ்" என்பது போல. பட்டியலின் கடைசியில் 192000 வரை இருக்கலாம், பெரிய எண் நல்லது என்று கை அங்கே போகும். போகக் கூடாது. தாளில் எழுதிய சாம்பிள் ரேட் எதுவோ அதையே தேர்ந்தெடுங்கள். வீடியோவோடு சேரும் ஒலிக்கு 48000தான் வழக்கம்.

மூன்றாவது: 24 பிட் என்ற வரியே பட்டியலில் இல்லையா? அப்படியானால் பெரும்பாலும் உங்கள் மைக்கால் அது முடியாது, அல்லது டிரைவர் அதைக் காட்டவில்லை. யூஎஸ்பி மைக்குகளில் 16 பிட் மட்டுமே தருபவை நிறைய. படி 6ஐப் பாருங்கள்.

அதே அட்வான்ஸ்டு தாவலில் "எக்ஸ்குளூசிவ் மோட்" என்று இரண்டு டிக் பெட்டிகள் இருக்கும். ஒரு மென்பொருள் சாதனத்தை முழுதாகத் தன் கையில் எடுத்துக்கொள்ள விடலாமா என்பதற்கான அனுமதி அது. அனுமதித்தால், அந்த மென்பொருள் நீங்கள் இங்கே தேர்ந்தெடுத்த ஃபார்மட்டைச் சட்டை செய்யாமல் தன் விருப்பப்படி சாதனத்தைத் திறந்துகொள்ளலாம். வீட்டுப் பயன்பாட்டுக்கு டிக் இருந்தாலும் பாதகமில்லை. ஆனால் "நான் வைத்த செட்டிங் ஏன் வேலை செய்யவில்லை" என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும்போது இதை நினைத்துப் பாருங்கள்.

ஓகே கொடுத்து வெளியே வாருங்கள். மறுதொடக்கம் தேவையில்லை. பதிவு மென்பொருள் திறந்திருந்தால் மட்டும் மூடித் திறக்க வேண்டும்.

4. மேக்கில் மாற்றுவது

சிஸ்டம் செட்டிங்ஸில் சவுண்ட் பக்கத்தைக் குடைந்து பயனில்லை, அங்கே இது கிடையாது. அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டருக்குள் யுட்டிலிட்டீஸ், அதற்குள் "ஆடியோ மிடி செட்டப்". பெயரைப் பார்த்து இசைக்கருவிக்கான ஏதோ என்று நானும் ஒதுக்கியிருப்பேன். இடது பக்கம் சாதனங்களின் பட்டியல், வலது பக்கம் இன்புட், அவுட்புட் தாவல்கள். "ஃபார்மட்" பட்டியலில் "24 பிட் இன்டிஜர், 48 கிலோஹெர்ட்ஸ்" மாதிரி வரிகள் இருக்கும். தேர்ந்தெடுத்த நொடியே மாறிவிடும், ஓகே பொத்தான் கிடையாது.

சில சாதனங்களுக்கு "32 பிட் ஃப்ளோட்" என்று மட்டும் காட்டும். பயப்பட வேண்டாம். மேக் உள்ளுக்குள் ஒலியை அந்த வடிவில்தான் கையாளுகிறது. 24 பிட்டில் உள்ள எல்லாம் அதில் சேதமில்லாமல் அடங்கும்.

5. லினக்ஸில்

இங்கே சுருக்கமாகவே சொல்கிறேன். பெரும்பாலான டெஸ்க்டாப்களின் ஒலி அமைப்புப் பக்கத்தில் பிட் டெப்த் மாற்றும் பட்டியல் கிடையாது. லினக்ஸில் ஒலியைக் கையாளும் பைப்வயர் அல்லது பல்ஸ்ஆடியோவே சாதனத்தோடு பேசி ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். கட்டாயப்படுத்த வேண்டுமென்றால் அவற்றின் அமைப்புக் கோப்பைத் திருத்த வேண்டும். டெர்மினலில் சாதன விவரத்தைப் பார்க்கும்போது "எஸ்32" என்று வந்தால் மைக் 32 பிட் என்று பொருளில்லை. 24 பிட் தரவை 32 பிட் இடத்தில் வைத்து அனுப்புவது அங்கே சகஜம்.

6. மைக்கும் டிரைவரும்

பட்டியலில் 24 வராதவர்கள் முதலில் மைக்கின் விவரக்குறிப்பைப் படியுங்கள். பெட்டியோடு வந்த தாளில் "பிட் டெப்த்" அல்லது "ரெசல்யூஷன்" என்ற வரி இருக்கும். அதிலேயே 16 என்று போட்டிருந்தால் எந்த செட்டிங்கும் உதவாது, வேறு மைக்தான்.

24 என்று போட்டிருந்தும் வரவில்லையென்றால், தயாரிப்பாளரின் சொந்த டிரைவர் இருக்கிறதா என்று பாருங்கள். தனி ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) வைத்திருப்பவர்களுக்கு இது முக்கியம். அவற்றுக்குச் சொந்தமாக ஒரு கட்டுப்பாட்டு ஜன்னல் இருக்கும். ஒலிப் பதிவுக்கென்றே இருக்கும் ஆசியோ வகை டிரைவர் வழியாகப் பதிவு செய்தால், எல்லா மென்பொருளின் ஒலியையும் விண்டோஸ் கலக்கும் இடத்தின் வழியாக உங்கள் ஒலி போவதே இல்லை, அதனால் படி 3இல் செய்த மாற்றத்துக்கு அங்கே வேலையும் இல்லை. சாம்பிள் ரேட் போன்றவற்றை இன்டர்ஃபேஸின் ஜன்னலிலோ பதிவு மென்பொருளிலோ வைக்க வேண்டும்.

ப்ளூடூத் ஹெட்செட்டில் பதிவு செய்பவர்களே, உங்களுக்கு ஒரு தனிப் பத்தி. பாட்டு கேட்கும்போது நன்றாக ஒலிக்கும் அதே ஹெட்செட், மைக்கை இயக்கியதும் தொலைபேசிக் குரலாக மாறுவதைக் கவனித்திருப்பீர்கள். பரவலாக இருக்கும் ப்ளூடூத் முறையில், மைக் வேலை செய்யும்போது இணைப்பு "ஹேண்ட்ஸ் ஃப்ரீ" நிலைக்கு மாறி, ஒலி மோனோவாகி 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். அதற்கு மேல் சுருக்கமும் உண்டு. இங்கே 24 பிட் பற்றிப் பேசுவதே வீண். கம்பி மைக்குக்கு வாருங்கள்.

இன்னொன்று: யூஎஸ்பி மைக்கை வேறொரு துளையில் செருகினால் விண்டோஸ் சில சமயம் அதைப் புதுச் சாதனமாக நினைத்து, ஃபார்மட்டைப் பழைய நிலையில் வைத்துவிடும். ஒரே துளையைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். நான் அந்தத் துளைக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன்.

7. பதிவு செய்யும் மென்பொருள்: எல்லாம் கெட்டது இங்கேதான்

என் இரண்டாவது ஃபைல் ஏன் திரும்பியது என்பதற்கு விடை இந்தப் படியிலும் அடுத்த படியிலும் இருக்கிறது. நான் பயன்படுத்தியது ஆடாசிட்டி. மற்ற மென்பொருளிலும் பெயர்கள்தான் மாறும்.

விண்டோஸில் ஆடாசிட்டி, மைக்கோடு பேசுவதற்கு மூன்று வழிகளை வைத்திருக்கிறது: எம்எம்இ, டைரக்ட்சவுண்ட், வாசாபி. நிறுவியதும் நிற்பது எம்எம்இ. 24 பிட் பதிவு வேண்டுமென்றால் வாசாபிக்கு மாற வேண்டும். மற்ற வழிகளில் 16 பிட்தான் வந்து சேரும், நீங்கள் விண்டோஸில் என்ன வைத்திருந்தாலும் சரி. மேலே "ஆடியோ செட்டப்" பொத்தானை அழுத்தி "ஹோஸ்ட்" என்பதில் வாசாபியைத் தேர்ந்தெடுங்கள்.

தேர்ந்தெடுத்ததும் மைக்கின் பெயரை மறுபடி பாருங்கள். வாசாபியில் "லூப்பேக்" என்று முடியும் பெயர்களும் பட்டியலில் வரும். அது கணினி ஸ்பீக்கரில் ஓடும் ஒலியைப் பதிவு செய்வதற்கு. அதை எடுத்துவிட்டால் நீங்கள் மணிக்கணக்கில் பேசினாலும் உங்கள் குரல் அதில் இருக்காது. நான் பேசியது இருபது நிமிடம்தான், நல்ல வேளை.

அப்புறம் அதே ஆடியோ செட்டப் மெனுவில் "ஆடியோ செட்டிங்ஸ்" திறந்து, புராஜெக்ட் சாம்பிள் ரேட்டை 48000 ஆக வையுங்கள். விண்டோஸில் வைத்த எண்ணும் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டும் வேறாக இருந்தால், சாதனத்தைத் திறக்க முடியவில்லை என்ற பிழைச் செய்தி வரலாம்.

அதற்குக் கீழே "டீஃபால்ட் சாம்பிள் ஃபார்மட்" 32 பிட் ஃப்ளோட் என்று இருக்கும். அப்படியே விடுங்கள். வெட்டும்போதும் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும்போதும் இழப்பு வராமல் இருக்க அது உதவும். ஆனால் அந்த 32ஐப் பார்த்து மைக்கிலிருந்து 32 பிட் வருகிறது என்று நினைத்துவிடாதீர்கள். அது மென்பொருள் தனக்குள் வைத்துக்கொள்ளும் பாத்திரத்தின் அளவு. எம்எம்இ வழியாக வந்த 16 பிட் ஒலிக்கும் அங்கே 32 என்றுதான் இருக்கும்.

பதிவின் அளவு பற்றியும் ஒரு வார்த்தை. உரத்த இடங்கள் மென்பொருளின் அளவுகாட்டியில் மைனஸ் 12 டெசிபெல் பக்கம் நிற்கும்படி மைக்கின் அளவை வையுங்கள். 24 பிட்டின் பலனே இதுதான்: கொஞ்சம் தாழ்வாகப் பதிவு செய்து பின்னால் உயர்த்தினாலும் இரைச்சல் மேலெழாது (அறையின் இரைச்சல் வேறு கதை, மின்விசிறியை நிறுத்துங்கள்). சிவப்பைத் தொட்டு உச்சி வெட்டுப்பட்ட ஒலியை 24 பிட்டாலும் காப்பாற்ற முடியாது.

8. எக்ஸ்போர்ட் பெட்டி

எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டுக் கடைசியில் கோட்டைவிடும் இடம் இது. ஃபைல் மெனுவில் "எக்ஸ்போர்ட் ஆடியோ". வேவ் என்று தேர்ந்தெடுத்ததும் கீழே "என்கோடிங்" என்று ஒரு பட்டியல் இருக்கும். ஆரம்பத்தில் அதில் நிற்பது "சைன்டு 16 பிட் பிசிஎம்". இதை "சைன்டு 24 பிட் பிசிஎம்" ஆக மாற்ற வேண்டும். சேனல் மோனோவா, சாம்பிள் ரேட் 48000தானா என்பதையும் அங்கேயே பாருங்கள். என் மூன்றாவது ஃபைல் திரும்பி வந்தது இந்த ஒரு பட்டியலால் மட்டுமே. மைக், விண்டோஸ், வாசாபி எல்லாம் அதற்குள் சரியாகியிருந்தன.

தலைகீழாக, 24இல் பதிவு செய்து 16 கேட்டால் தயங்காமல் 16ஆக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அப்போது "டிதர்" என்ற மிக மெல்லிய இரைச்சலை மென்பொருள் சேர்க்கும். கேட்க விசித்திரமாக இருந்தாலும், வெறுமனே கடைசி பிட்களை வெட்டி எறிவதைவிட அது நல்லது. அணைக்க வேண்டாம்.

9. இடம் எவ்வளவு பிடிக்கும்

பணத்துக்குப் பதில் இங்கே செலவாவது டிஸ்க். 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ ஒரு மணி நேரத்துக்கு 16 பிட்டில் சுமார் 690 எம்பி, 24 பிட்டில் சுமார் 1,040 எம்பி, 32 பிட் ஃப்ளோட்டில் சுமார் 1,380 எம்பி. மோனோ என்றால் எல்லாம் பாதி.

நீண்ட பதிவு செய்பவர்கள் கவனிக்க: சாதாரண வேவ் ஃபைல் 4 ஜிபிக்கு மேல் வளர முடியாது. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவில் சுமார் 4 மணி நேரத்தில் அந்த எல்லை வந்துவிடும், 32 பிட் ஃப்ளோட்டில் 3 மணி நேரம் கொஞ்சம் தாண்டியதும். நடுவில் நிறுத்தித் துண்டு துண்டாகப் பதிவு செய்யுங்கள், அல்லது ஃபிளாக் என்ற சுருக்கிய ஃபைல் வகையில் அனுப்பலாமா என்று கேளுங்கள். அதிலும் 24 பிட் இழப்பில்லாமல் அடங்கும், இடமும் குறைவு.

10. முழுதாகப் பேசும் முன் ஒரு நிமிடச் சோதனை

ஒரு மணி நேரம் பேசி முடித்துவிட்டுச் சோதிக்காதீர்கள். ஒரு நிமிடம் மட்டும் பேசிப் பதிவு செய்து, எக்ஸ்போர்ட் செய்து, மீடியாஇன்ஃபோவில் போட்டு, தாளில் எழுதிய நான்கு வரியோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு டிக் அடியுங்கள். நான்கிலும் டிக் விழுந்தாலும், ஹோஸ்ட் வாசாபிதானா, விண்டோஸில் மைக்கின் ஃபார்மட் 24தானா என்று இன்னொரு முறை கண்ணால் பாருங்கள். காலிப் பாத்திரத்தின் மேல் ஒட்டிய லேபிளையும் மீடியாஇன்ஃபோ அப்படியே நம்பிவிடும்.

விண்டோஸ் பெரிய அப்டேட் போட்ட மறுநாளும், டிரைவர் மாற்றிய பிறகும் படி 3ஐ மட்டும் திரும்பச் செய்யுங்கள், சொல்லாமல் கொள்ளாமல் 16க்குப் போயிருக்கலாம். அனுப்பிய ஃபைல் ஏற்கப்பட்டது என்று பதில் வரும்வரை ஆடாசிட்டி புராஜெக்ட்டை அழிக்காதீர்கள். நான்காம் முறை எனக்கு அந்தப் பதில் வர ஆறு நாள் ஆனது.